ஐரோப்பா போகிறவர்களுக்கு ஒரே சிம் போதும்
‘இறங்கும் நாட்டில் உள்ளூர் சிம் வாங்குங்கள்’ என்று வெளிநாட்டுப் பயணம் பற்றிய கட்டுரையில் பொதுவாகச் சொல்லிவிட்டீர்கள், சரி, ஆனால் ஐரோப்பா போகிறவர்கள் நாட்டுக்கு நாடு சிம் மாற்ற வேண்டியதே இல்லை. 2017 ஜூன் முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கூடுதல் ரோமிங் கட்டணம், அதாவது சிம்மை வேறு நாட்டில் பயன்படுத்துவதற்கான கட்டணம், கிடையாது, பாரிஸில் வாங்கிய சிம்மையே ரோமிலும் பெர்லினிலும் போட்டுக்கொண்டு சுற்றலாம், டேட்டாவுக்கு மட்டும் ஒரு வரம்பு இருக்கலாம். மாட்டிக்கொள்வது சுவிட்சர்லாந்தில்தான். அது ஒன்றியத்தில் இல்லை, நம் ஆட்கள் டூர் போனால் அதை விடுவதும் இல்லை! வாங்கும்போதே அந்த நாடும் சேர்த்தியா என்று கேட்டுவிடுங்கள். பிரிட்டனுக்கும் இப்போது இதே கதை. அப்புறம், பயணிகளுக்கு விற்கும் இ-சிம் (அட்டை இல்லாமல் போனிலேயே ஏற்றிக்கொள்ளும் சிம்) பெரும்பாலும் டேட்டாவுக்கு மட்டும்தான், நம்பர் வராது. பேங்க் ஓடிபி ஊர் நம்பருக்குத்தான் வரும், அதனால் இந்திய சிம்மைக் கழற்றாமல் ரோமிங்கைப் போட்டுவிட்டு, அதில் டேட்டாவை மட்டும் அணைத்து வையுங்கள்.