கரண்ட் ஆபீஸ் வெந்நீர்

(ஐஸ்லாந்து. 'ப்ளூ லகூன்' வெந்நீர்க் குளத்தின் வாசல். அனல் மின் நிலையத்தில் 30 வருடம் உழைத்து ஓய்வுபெற்ற கணேசன். துண்டும் கையுமாக மனைவி கோமதி.)

கோமதி: காலையில் ஒரு கரண்ட் ஆபீஸ், மத்தியானம் இன்னொன்று. பையன் டிக்கெட் போட்டது ஊர் சுற்றவா, உங்களை மறுபடி டூட்டியில் சேர்க்கவா?

கணேசன்: காலையில் பார்த்தோமே ஹெல்லிஸ்ஹெய்டி, 303 மெகாவாட்! கரி இல்லை, சாம்பல் இல்லை. பூமியில் துளை போட்டால் ஆவி வருகிறது, டர்பைன் சுற்றுகிறது. என் கர்ச்சீப் எப்போதும் கறுப்பாகத்தானே இருக்கும்?

கோமதி: துவைத்தவளுக்குத் தெரியாதா? அது சரி, இங்கே யார் முட்டை அவிக்கிறார்கள்?

கணேசன்: கந்தக வாசனை அது.

கோமதி: குளம் பால் கலந்த நீலமாக அழகுதான். இயற்கைச் சுனையா?

கணேசன்: அதோ ஆவி விடுகிறதே ஸ்வார்ட்ஸெங்கி மின் நிலையம், 1976இல் ஆரம்பித்தது. அது வெளியே விட்ட தண்ணீர்தான் இது.

கோமதி: என்னது! நம் ஊரில் ஆலைத் தண்ணீரைத் திறந்துவிட்டால் மறியல் செய்வோம். இங்கே டிக்கெட் வாங்கி இறங்குகிறார்களா?

கணேசன்: முழுதாகக் கேள். பூமிக்குக் கீழே தண்ணீர் 240 டிகிரி சூடு. அதில் மூன்றில் இரண்டு பங்கு கடல் நீர். ஆவியில் மின்சாரம், மிச்சச் சூட்டில் நல்ல தண்ணீரைக் காய்ச்சி வீடுகளுக்கு அனுப்புகிறார்கள். இந்தத் தண்ணீரையே அனுப்பினால் அதிலுள்ள சிலிக்கா என்ற தாது படிந்து குழாய் அடைத்துவிடும்.

கோமதி: நம் கீசரில் போர் தண்ணீர் உப்புக் கட்டியதே, அந்த மாதிரியா?

கணேசன்: அதேதான். எரிமலைப் பாறையில் விட்டால் உள்ளே இறங்கிவிடும் என்று நினைத்தார்கள். சிலிக்கா ஓட்டையெல்லாம் அடைத்து, தேங்கிவிட்டது. 1981இல் சொரியாசிஸ் என்ற தோல் நோய் இருந்த ஒருவர் துணிந்து குளித்தார், இதமாக இருந்ததாம். 1987இல் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள்.

கோமதி: ஆக, அடைத்துக்கொண்டு தேங்கினால் சுற்றுலாத் தலம். நம் தெரு முனையிலும் ஒன்று இருக்கிறது, கவுன்சிலர் காதில் போடுங்கள்.

கணேசன்: அப்புறம்... இறங்கும் முன் சோப்புப் போட்டுக் குளிக்க வேண்டும். துணியில்லாமல்.

கோமதி: கண்றாவி!

கணேசன்: பெண்களுக்குத் தனி இடம்தான். தடுப்பும் உண்டு.

(அரை மணி நேரம் கழித்து. கழுத்தளவு நீரில் இருவரும். முகத்தில் வெள்ளைச் சேறு.)

கோமதி: எண்ணெய்க் குளியலுக்கு விளாவிய பதம். சீயக்காய்தான் குறை. தலையை நனைக்காதீர்கள், முடி தேங்காய் நார் மாதிரி ஆகிவிடுமாம்.

கணேசன்: (வழுக்கையைத் தடவி) எந்த முடி?

கோமதி: (காலைத் தூக்கி) ஐயோ, மெட்டி கறுத்துவிட்டது!

கணேசன்: மூன்று நாளாக ஹோட்டல் குழாயில் வெந்நீர்க் குளியல். அதிலும் கந்தகம், வெள்ளி கறுக்கத்தான் செய்யும். கழற்றி வைத்திருக்கலாம்.

கோமதி: நீங்கள் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போதா?

கணேசன்: சரி, சரி. உனக்குத் தெரியுமா, 2024 நவம்பரில் எரிமலைக் குழம்பு ஓடி வந்து இங்கே கார் நிறுத்துமிடத்தையே மூடிவிட்டது.

கோமதி: இதை இப்போதா சொல்வீர்கள்? எழுந்திருங்கள் முதலில். புளியோதரை காரில் இருக்கிறது!