டர்பனில் தமிழ் சேனல் பார்க்க இந்தியாவில் பதிய வேண்டுமா?

டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதி வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு குரல்பதிவு சுற்றுகிறது. இந்தியாவின் கேபிள் டிவி சட்டம் மாறிவிட்டதாம். தமிழ் சேனல் பார்க்கும் தென்னாப்பிரிக்க வீடுகள் பாஸ்போர்ட் நகலும் 500 ரேண்டும் கொடுத்துப் பதிய வேண்டுமாம். இது பொய்.

அந்தச் சட்டம் 1995-ல் வந்தது. இந்திய எல்லைக்குள் மட்டுமே செல்லும். அதில் பதிவு கட்டாயம்தான், ஆனால் யாருக்கு? தெருவில் கம்பி இழுத்து வீடுகளுக்கு இணைப்பு தரும் கேபிள்காரருக்கு. பல ஆண்டுகள் அவர் தலைமை அஞ்சலகத்தில் படிவம் கொடுத்துப் பதிந்துவந்தார். சோபாவில் உட்கார்ந்து சீரியல் பார்ப்பவரைப் பதியச் சொல்லும் பிரிவு அதில் இல்லை. சென்னையில் இருப்பவருக்கே இல்லாதபோது டர்பனில் இருப்பவருக்கு எங்கிருந்து வரும்?

இங்கே கட்டணச் சேனல்களுக்கு உரிமம் தருவது தென்னாப்பிரிக்காவின் ஒளிபரப்பு ஒழுங்குமுறை அமைப்பான இகாசா. அது 2000-ல் அமைந்தது. நம் கூரையில் இருக்கும் டிஷ்ஷும் இந்தியக் கேபிளும் வேறு வேறு.

டிவி லைசென்ஸையும் இதோடு குழப்புகிறார்கள். ஆண்டுக்கு 265 ரேண்ட் கட்டும் அந்த லைசென்ஸ் தென்னாப்பிரிக்கச் சட்டப்படி பொது ஒளிபரப்பு நிறுவனமான எஸ்ஏபிசிக்குப் போவது. எந்த மொழி பார்த்தாலும் ஒன்றுதான்.

என் பெரியம்மா பாஸ்போர்ட்டைப் படமெடுத்து அனுப்பும் நிலைக்கே போய்விட்டார். கையைப் பிடித்து நிறுத்தினேன். உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் இன்றே பேசுங்கள். பாஸ்போர்ட் நகலை யாருக்கும் அனுப்ப வேண்டாம்.