பான்ஜோ அயர்லாந்தின் சொத்தல்ல

"புளூகிராஸ் என்பது கப்பலேறி அமெரிக்கா போன அயர்லாந்து இசைதான், அதனால்தான் இரண்டிலும் பான்ஜோ" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். புளூகிராஸ் என்பது பான்ஜோ, பிடில் போன்ற தந்திக் கருவிகளோடு வரும் ஓர் அமெரிக்க நாட்டுப்புற இசை வகை; பான்ஜோ, தோல் போர்த்திய வட்ட உடலும் நீண்ட கழுத்தும் கொண்ட தந்திக் கருவி. பிடில் மெட்டுகளைப் பொறுத்தவரை ஓரளவு சரி; அவற்றில் பல அயர்லாந்து, ஸ்காட்லாந்துக் குடியேறிகளோடு அமெரிக்காவின் கிழக்கிலுள்ள அப்பலாச்சியா மலைகளுக்குப் போனவை. பான்ஜோ விஷயத்தில் கதையே தலைகீழ். அதன் வேர் மேற்கு ஆப்பிரிக்கா. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் சுரைக்குடுக்கையில் தோல் போர்த்திச் செய்த கருவி அது. 1840களில் அமெரிக்க மேடைக் கலைஞர்கள்தான் அதை அயர்லாந்துக்குக் கொண்டுபோனார்கள்! இன்று அங்கே வாசிப்பது பெரும்பாலும் நான்கு தந்திக் கருவி. பிடிலுக்கு ஒரு ஸ்தாயி கீழே சுருதி சேர்த்து அதை வாசிக்கும் முறையைப் பரப்பியவர் அயர்லாந்து நாட்டுப்புற இசைக் குழுவான டப்ளினர்ஸின் பார்னி மெக்கென்னா, அதுவும் 1960களில்.

புளூகிராஸும் அவ்வளவு பழையதல்ல. அமெரிக்கப் பாடகரும் மாண்டலின் கலைஞருமான பில் மன்றோவின் 'புளூ கிராஸ் பாய்ஸ்' குழுவின் பெயரே அதற்கு ஒட்டிக்கொண்டது. 1945 இறுதியில் பான்ஜோ கலைஞர் எர்ல் ஸ்க்ரக்ஸ், மூன்று விரல்களால் மீட்டும் வாசிப்போடு அந்தக் குழுவில் வந்து சேர்ந்த பிறகுதான் இன்று நாம் கேட்கும் ஒலி உருவானது. தன் இசையைப் பாதித்தவர் என்று மன்றோ நன்றியோடு நினைவுகூர்ந்த ஆர்னால்ட் ஷுல்ட்ஸ் ஒரு கறுப்பினக் கலைஞர். இந்தப் பெயர் ஏனோ எப்போதும் விடுபட்டுப் போகிறது. அயர்லாந்து இசையின் நெருங்கிய உறவைத் தேடுபவர்கள் புளூகிராஸை விட்டுவிட்டு அதற்கு முந்தைய அமெரிக்க நாட்டுப்புற இசையான ஓல்ட்-டைமின் பிடிலைக் கேட்கலாம்.