கல்லாப்பெட்டிக்கு மேல் ஒரு கைபேசி லினக்ஸ்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறையில் உள்ள எங்கள் மளிகைக் கடையில், கல்லாப்பெட்டிக்கு மேல் சுவரில், ஒன்பது மாதமாக ராஸ்பெரி பை 4 என்ற ஒரு சிறிய கணினி அட்டை ஓடிக்கொண்டிருக்கிறது. அதனுடன் 7 அங்குலத் தொடுதிரை இருக்கிறது. உள்ளே ஆல்பைன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட, கைபேசிகளுக்கான இயங்குதளமான போஸ்ட்மார்க்கெட் ஓஎஸ்ஸும், திரையில் தெரியும் முகப்பாக ஃபோஷும் இருக்கின்றன. பற்றுக் கணக்கும் சரக்குப் பட்டியலும் அதில்தான். "இதற்கு ஒரு பழைய ஆண்ட்ராய்டு போன் போதாதா?" என்று கேட்ட நண்பர்களுக்காக இதை எழுதுகிறேன்.

கைபேசி லினக்ஸைப் போனாக வைத்து எடைபோட்டால் அது தோற்கத்தான் செய்யும். இந்த அட்டையில் பேட்டரி இல்லை, சிம் இல்லை, போனைப் போலத் தூங்கி எழும் வசதியும் இல்லை. ஆனால் எப்போதும் மின் இணைப்பிலேயே இருக்கும் சுவரில் இவை எதுவும் குறையே அல்ல. முதலில் வழக்கமான கணினி முகப்பைத்தான் போட்டுப் பார்த்தேன். திரையின் அளவு 800க்கு 480 புள்ளிகள்தான் என்பதால் 'சேமி' பொத்தான் திரைக்குக் கீழே போய் ஒளிந்துகொண்டது, சன்னலை மூடும் பெருக்கல் குறியோ வெல்லம் ஒட்டிய விரலுக்கு அகப்படவே இல்லை. பியூரிசம் நிறுவனம் தன் லிப்ரெம் 5 கைபேசிக்காக உருவாக்கிய ஃபோஷில், அதற்கேற்ப எழுதப்பட்ட செயலிகள் திரையின் அகலத்துக்குத் தாமே மடங்கிக்கொள்கின்றன. நான் இதைத் தேர்ந்ததற்கு இந்த ஒன்றே காரணம்.

தொல்லைகளையும் மறைக்கக் கூடாது. திரையைத் தலைகீழாக மாட்டிவிட்டு அமைப்பில் திருப்பியபோது படம் மட்டும் திரும்பியது. மேலே தொட்டால் கீழே திறந்தது. தொடுதலின் திசையையும் திருப்பும் 'இன்வ்எக்ஸ்', 'இன்வ்ஒய்' என்ற இரண்டு சொற்களைத் துவக்கக் கோப்பில் சேர்க்கும்வரை ஒரு ஞாயிறு முழுதும் வீணானது. பழைய போன் சார்ஜரில் மின்னழுத்தம் 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கி, எச்சரிக்கை வந்துகொண்டே இருந்தது. 5 வோல்ட், 3 ஆம்பியர் அடாப்டர் மாற்றிய பிறகே அடங்கியது.

பெரிய அடி கடிகாரத்தில் விழுந்தது. பை 4இல் பேட்டரியில் ஓடும் கடிகாரம் கிடையாது. இணையத்திலிருந்துதான் நேரத்தை எடுத்துக்கொள்ளும். ஒரு நாள் இரவில் கரண்ட் போய், காலையில் இணையம் வருவதற்குள் எழுதிய மூன்று பேரின் பற்று முந்தைய வாரத் தேதியில் பதிவாகிவிட்டது. அப்பாவின் நோட்டுப் புத்தகம்தான் அன்று வழக்கைத் தீர்த்தது. பிறகு, பேட்டரியில் ஓடும் டிஎஸ்3231 கடிகாரச் சில்லு ஒன்றைப் பொருத்தினேன். அடுத்து வந்த பை 5இல் கடிகாரம் அட்டையிலேயே உண்டு, பேட்டரியைத் தனியாக வாங்க வேண்டும்.

கேரள அரசுப் பள்ளிகளில் லினக்ஸிலேயே கணினி பயில்வதால், தமிழ் வழியில் படிக்கும் என் தங்கை மகளுக்கு இதில் அச்சமில்லை. மாலையில் சரக்குப் பட்டியலைத் திருத்துவது அவள்தான். அப்பா மட்டும் இன்னும், "இதுல போன் வராதா?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.