தொக்கேபி செத்தவரின் பேய் அல்ல

“கொரியாவின் தொக்கேபி, கொம்பும் முள்தடியும் கொண்ட, இறந்தவரின் ஆவி” என்று பரவும் தகவலில் இரண்டு பிழைகள் உள்ளன.

இறந்தவரின் ஆவிக்குக் கொரியர்கள் வைத்த பெயர் குவிஷின். மணமாகாமல் இறந்த பெண், தலைவிரி கோலத்தில் வெள்ளைத் துக்க உடையோடு வருவாளே, அவள் அந்த வகை. தொக்கேபியோ கொரிய நாட்டார் கதைகளில் வரும் மாய உருவம்; பொருளிலிருந்து பிறப்பது. தேய்ந்த துடைப்பம், பழைய உலக்கை போன்றவற்றில் மனித ரத்தம் பட்டால் அவை தொக்கேபியாகும் என்பது நம்பிக்கை. பரவலான ஒரு கதையில், இரவில் வழிமறித்து ‘சிரும்’ மல்யுத்தத்துக்கு அழைக்கும் தொக்கேபியை ஒருவன் வீழ்த்தி மரத்தில் கட்டிவிடுகிறான். விடிந்து பார்த்தால் கட்டுக்குள் இருப்பது பழைய துடைப்பம்! இந்தக் கதை தெரிந்தால் குழப்பமே வராது.

தொக்கேபிக்குப் பிடித்தது, பக்வீட் என்ற தானியத்தின் மாவுக் கூழை உறையவைத்துச் செய்யும் மேமில்முக். மேற்குக் கடற்கரை மீனவர்கள் அதைப் படைத்து நிறைய மீன் கேட்டார்கள். பயமுறுத்தும் பேயிடம் யார் மீன் கேட்பார்கள்? விரட்ட வேண்டுமானால் வாசலில் குதிரை ரத்தம் தெளித்தார்கள்.

கொம்பும் முள்தடியும் ஜப்பானியக் கதைகளில் வரும் அரக்கனான ‘ஓனி’யின் அடையாளங்கள். 1910 முதல் 1945 வரையான ஜப்பானிய ஆட்சியில், பாடநூல் படங்கள் வழியாக அவை கலந்தன என்பது கொரிய நாட்டாரியல் ஆய்வாளர்கள் பலரின் கருத்து. பழைய கதைகளின் தொக்கேபி பெரும்பாலும் மனிதச் சாயலில்தான் வருகிறது.