ரேசரில் பிளேடு கூடினால், மழித்த கழுத்தில் வரும் கட்டி குறையாது

"பிளேடு எத்தனை கூடுதலோ அத்தனை நல்லது, அஞ்சு பிளேடு ரேசர் வாங்கினால் கழுத்தில் பரு வராது" என்று ஒருவர் எழுதியிருந்ததைப் பார்த்தேன். சுருட்டை முடிக்காரர்கள் இதை நம்பிவிட வேண்டாம், அவர்களுக்கு நடப்பது பெரும்பாலும் நேர்மாறு. 1971இல் ஜில்லெட்டின் ட்ராக் 2 ரேசர் இரண்டு பிளேடோடு வந்ததே, முதல் பிளேடு முடியைக் கொஞ்சம் இழுத்துப் பிடிக்க, அது உள்ளே போவதற்குள் அடுத்தது வெட்டிவிடும் என்ற கணக்கில்தான். அப்புறம் 1998இல் மூன்று, 2006இல் ஐந்து. வெட்டு தோலுக்குக் கீழே போய்விடுகிறது. தடவினால் வழவழவென்று இருக்கும், சரி, ஆனால் சுருண்ட முடி திரும்ப முளைக்கும்போது வெளியே வர வழியில்லாமல் தோலுக்குள்ளேயே வளைந்து குத்தி, சிவந்து கட்டியாகிறது. அது பருவே இல்லை.

எனக்கும் காலர் உரசும் இடத்தில் வரிசையாக நிற்கும், ஒன்றை ஊசியால் கிளறிப் பார்த்தால் உள்ளே முடி சுருண்டு கிடந்தது (தயவுசெய்து யாரும் கிளறாதீர்கள்). ஒற்றை பிளேடு போடும் பழைய மாதிரி சேஃப்டி ரேசருக்கு மாறி, குளித்த பின், முடி வளரும் திசையிலேயே அழுத்தாமல் மழித்த பிறகுதான் அடங்கியது. எல்லோருக்கும் அது போதாது, சிலருக்கு ட்ரிம்மரால் கொஞ்சம் முடி விட்டு வெட்டுவதுதான் வழி. நேர்முடிக்காரருக்கு ஐந்து பிளேடும் ஒத்துப்போகலாம், அவர் அதையே வைத்துக்கொள்ளட்டும்.