ஆயிரம் ரிப்போர்ட் வேண்டாம், ஒரு படிவம் போதும்

ரசிகர் சண்டை முற்றும்போதெல்லாம் ஒரு அறைகூவல் வரும்: "லிங்க் இதோ, எல்லாரும் ரிப்போர்ட் அடிங்க, சேனல் காலி." அடிப்பவர்கள் போடுவதும் தப்புக் கணக்கு, அதைப் பார்த்து அலறும் சேனல்காரர் போடுவதும் தப்புக் கணக்கு. வீடியோவுக்குக் கீழே இருக்கும் ரிப்போர்ட் பொத்தானை ஒருவர் அழுத்தினாலும் பத்தாயிரம் பேர் அழுத்தினாலும், அந்த வீடியோ விதியை மீறுகிறதா என்பதுதான் கேள்வி, எண்ணிக்கை கணக்கில் வராது என்று யூடியூப் பலமுறை சொல்லிவிட்டது.

சேனலை நிஜமாகவே கவிழ்க்கக்கூடியது காப்பிரைட் படிவம். அதற்குக் கூட்டம் தேவையில்லை. ஒரே ஆள், ஒரு மின்னஞ்சல் முகவரி, ஐந்து நிமிடம்.

காரணம் டிஎம்சிஏ எனும் அமெரிக்காவின் 1998ஆம் ஆண்டு டிஜிட்டல் காப்பிரைட் சட்டம். முறையான நோட்டீஸ் வந்ததும் வீடியோவைத் தளத்திலிருந்து இறக்கிவிட்டால் தளத்துக்குப் பொறுப்பு இல்லை. இறக்காமல் விட்டால் வழக்கு அதன் தலையிலும் விழலாம். அப்படியிருக்க, சந்தேகம் வந்தால் எந்தப் பக்கம் சாய்வார்கள்? நோட்டீஸ் கொடுப்பவர் பெயர், தொடர்பு விவரம், வீடியோ லிங்க், தன் படைப்பு எது என்பதைச் சொல்லி, "இது அனுமதியில்லாத பயன்பாடு என்று நம்புகிறேன், புகார் கொடுக்க எனக்கு உரிமை உண்டு" என்று உறுதிமொழி கொடுத்து, கையெழுத்துக்குப் பதிலாகப் பெயரை டைப் செய்தால் போதும். உரிமைப் பத்திரத்தைக் காட்டு என்று சட்டம் கேட்கவில்லை.

விளைவு உடனே. வீடியோ இறங்கும், சேனல் மீது ஒரு ஸ்ட்ரைக், அதாவது காப்பிரைட் மீறல் எச்சரிக்கை, விழும். 90 நாளுக்குள் மூன்று ஸ்ட்ரைக் விழுந்தால் சேனல் மூடப்படும். அதனால் மிரட்டிப் பணம் பறிப்பவர் மூன்றையும் அனுப்புவதில்லை. இரண்டோடு நிறுத்திக்கொண்டு விலை பேசுவார்.

2019 ஜனவரியில் மைன்கிராஃப்ட் விளையாட்டு வீடியோ போடும் சின்னச் சேனல்களுக்கு நடந்தது அப்படியே இதுதான். இரண்டு பொய் ஸ்ட்ரைக், பின்னாலேயே ஒரு மெசேஜ்: பேபாலில் 150 டாலர், பிட்காயின் என்றால் 75 டாலர், இல்லாவிட்டால் மூன்றாவது வரும். கூப்பன் கொடுப்பது மாதிரி பிட்காயினுக்குப் பாதி விலை! அந்த ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்காவின் நெப்ராஸ்கா நீதிமன்றத்தில் அந்த ஆள் மீது யூடியூபே வழக்குப் போட்டது. அக்டோபரில் 25,000 டாலரும் மன்னிப்பும் வாங்கிக்கொண்டு முடித்தார்கள்.

அந்த வழக்கில் இன்னொரு குற்றச்சாட்டும் இருந்தது, பலர் அதைக் கவனிக்கவில்லை. பொய்ப் புகாரை எதிர்த்து ஒருவர் கவுன்ட்டர் நோட்டீஸ் கொடுத்தார். கொஞ்ச நாளில் அவர் வீட்டுக்குப் பொய்த் தகவலில் போலீஸ் வந்து நின்றது. முகவரி எப்படிக் கிடைத்தது? கவுன்ட்டர் நோட்டீஸில் முழுப் பெயர், வீட்டு முகவரி, போன் நம்பர் எழுத வேண்டும். அது அப்படியே புகார் கொடுத்தவருக்குப் போகும். பொய் ஸ்ட்ரைக்கே முகவரியைக் கறப்பதற்கான தூண்டில்தான் என்பது யூடியூபின் வாதம். அரசியல் பேசும் சேனல், முகம் காட்டாமல் நடத்தும் பெண்களின் சேனல் என்றால் இந்த ஆபத்தை நினைத்துப் பாருங்கள். ஒரு வழி உண்டு: வக்கீல் மூலமாகக் கவுன்ட்டர் நோட்டீஸ் கொடுக்கலாம். செலவு ஆகும், ஆனால் போவது வக்கீலின் முகவரி.

ஸ்ட்ரைக் விழுந்ததும் எல்லாரும் செய்யும் முதல் தப்பு, வீடியோவை டெலீட் செய்வது. டெலீட் செய்தாலும் ஸ்ட்ரைக் போகாது. வீடியோவைத் தொடாமல், யூடியூப் ஸ்டூடியோவில் அந்த வீடியோவுக்கு எதிரே கட்டுப்பாடு காட்டும் இடத்தில் விவரத்தைத் திறந்து, புகார் கொடுத்தவர் பெயரையும் மின்னஞ்சலையும் பாருங்கள். பெரிய நிறுவனத்தின் பெயரில் சாதாரண ஜிமெயில் இருந்தால் அங்கேயே பாதி பதில். அந்த நிறுவனத்தின் இணையதளத்தில் இருக்கும் முகவரிக்கு நேராக எழுதிக் கேளுங்கள். அவர்கள் அனுப்பியதுதான், ஆனால் தவறுதலாக என்றால், புகாரைத் திரும்பப் பெறச் சொல்லலாம். இருப்பதிலேயே வேகமான வழி அதுதான்.

இல்லையென்றால் கவுன்ட்டர் நோட்டீஸ். அதற்குப் பிறகு புகார்தாரருக்கு அமெரிக்கக் கணக்கில் 10 வேலைநாள். அதற்குள் வழக்குப் போட்டதற்கு ஆதாரம் காட்டாவிட்டால் வீடியோ திரும்பி வரும், ஸ்ட்ரைக்கும் போகும். சனி, ஞாயிறு, அமெரிக்க விடுமுறை சேர்த்தால் இரண்டு வாரத்துக்கு மேல். படம் வெளியான வெள்ளிக்கிழமை போட்ட விமர்சனம், மூன்றாவது வாரம் திரும்பி வந்து யாருக்கு என்ன பயன்? பொய்ப் புகார் தோற்றாலும் ஜெயித்த மாதிரிதான். ஒரு எச்சரிக்கை: இதில் நீங்கள் கொடுப்பது சட்ட உறுதிமொழி, அமெரிக்க நீதிமன்ற வரம்புக்கும் ஒப்புக்கொள்கிறீர்கள். முழுப் பாட்டையும் எடுத்துப் போட்டுவிட்டு இந்தக் கதவைத் தட்டாதீர்கள்.

கன்டென்ட் ஐடி கிளைம் வேறு. அதை ஸ்ட்ரைக்கோடு குழப்பிக்கொண்டு பதறுகிறார்கள். அது அடுத்தவர் பாட்டோ காட்சியோ உங்கள் வீடியோவில் இருக்கிறதா என்று யூடியூபின் இயந்திரம் ஒப்பிட்டுப் பிடிப்பது, வருமானம் போகும், சேனலுக்கு ஆபத்தில்லை. டிஸ்ப்யூட் செய்தால், அதாவது அதை மறுத்தால், பதில் சொல்ல எதிர்த்தரப்புக்கு 30 நாள், நிராகரித்து நீங்கள் அப்பீல் போனால் 7 நாள். இந்த இரண்டு கட்டத்திலும் அவர்கள் முழு நீக்கக் கோரிக்கை அனுப்பலாம், அப்போது கிளைம் ஸ்ட்ரைக்காக மாறும். டிஸ்ப்யூட்டை முதல் 5 நாளுக்குள் போட்டால், கிளைம் விழுந்த நாளிலிருந்தே வருமானத்தைத் தனியாக நிறுத்திவைப்பார்கள். தள்ளிப்போட்டால் அந்த நாட்களின் காசு அவர்களுக்கு. 2021இன் முதல் ஆறு மாதத்தில் விழுந்த கிளைம் 72 கோடிக்கு மேல். எதிர்க்கப்பட்டவை 1 சதவீதத்துக்கும் குறைவு. எதிர்த்தவற்றில் 60 சதவீதம் வீடியோ போட்டவர் பக்கம் முடிந்தன. இயந்திரம் 99 சதவீதம் சரி என்று இதை வாசிப்பவர்களும் உண்டு. பயந்து சும்மா இருந்தவர்கள் எத்தனை பேர் என்று நான் கேட்பேன்.

பொய்ப் புகாருக்குத் தண்டனை? டிஎம்சிஏவின் 512(எஃப்) பிரிவு இருக்கிறது, ஆனால் தெரிந்தே பொய் சொன்னதாக நிரூபிக்க வேண்டும். குழந்தை ஆடும் 29 விநாடி வீடியோவுக்காக 2007இல் தொடங்கிய வழக்கில், நியாயமான பயன்பாடா (விமர்சனம் மாதிரி, அனுமதி இல்லாமலே சட்டம் ஏற்கும் பயன்பாடா) என்று யோசித்த பிறகே நோட்டீஸ் அனுப்ப வேண்டும் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்ல 2015 ஆகிவிட்டது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 60ஆவது பிரிவு, ஆதாரமில்லாமல் வழக்கு மிரட்டல் விடுப்பவர் மீது தடையும் இழப்பீடும் கேட்க வழி தருகிறது. யூடியூபர்கள் இதை வக்கீலிடம் கேட்டுப் பார்த்ததாகவே தெரியவில்லை.

என் கருத்து இதுதான்: நீக்கக் கோரிக்கையை 7 நாள் தள்ளி அமலாக்கும் வசதி யூடியூபில் ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் அதைத் தேர்ந்தெடுப்பது புகார் கொடுப்பவர் விருப்பம். முதல் முறையாகப் புகார் தரும் புதுக் கணக்கு என்றால், வீடியோ இறங்கினாலும் ஸ்ட்ரைக் மட்டும் அந்த 7 நாள் காத்திருக்கட்டும். வீடியோவை இறக்கு, திரும்பத் திரும்ப மீறுபவரை வெளியேற்று என்றுதான் சட்டம் கேட்கிறது. மூன்று ஸ்ட்ரைக் விழுந்தால் தூக்கும் கணக்கு யூடியூப் தானாக வகுத்தது.

பணம் கேட்டு மெசேஜ் வந்தால் கோபத்தில் பிளாக் செய்துவிடாதீர்கள். தேதி, நேரம், அனுப்பியவர் ஐடி தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். வீடியோவின் மூலக் கோப்புகளையும் எடிட்டிங் பைலையும் வேறொரு டிஸ்க்கில் போட்டுவிட்டு, பிறகு கவுன்ட்டர் நோட்டீஸுக்கு உட்காருங்கள்.